இருவரும் திரும்பினர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? ஊர் மாறிப் போன பிறகு நீங்கள் ஒரு வரிகூடப் போடவில்லை. கோபமில்லை, குறைதான்.

உங்கள் நண்பர் என்னைத் தனியாக விட்டுப் போய் மார்ச்சோடு இரண்டு வருஷம். அவர் கடைசியாக நடந்த மலைப்பாதையில் நானும் ஒருமுறை நடக்க வேண்டும். மகள் கேலி செய்கிறாள்: "பஸ் டிப்போ மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது, மலை ஏறப் போறியாக்கும்!" அவளுக்குத் தெரியாமல் தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடந்து பழகுகிறேன்.

நீங்கள் நிலம் அளக்கிற ஆள். பாதையை வரைந்து அனுப்புங்கள். என்ன எடுத்துவர வேண்டும் என்றும் எழுதுங்கள். அன்று நீங்கள் இருவரும் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருந்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். பஸ் போகிற வருகிற நேரத்தை இருபத்திரண்டு வருஷமாக நோட்டில் எழுதுகிறவள் நான். எழுத்தில் இருந்தால்தான் எனக்கு மனசு நிற்கும்.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 20

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் திரிந்தேன். மன்னியுங்கள்.

படம் இணைத்திருக்கிறேன். பாதை தொடங்கும் இடத்திலேயே காற்று ஆளைத் தள்ளும். காரைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கதவு பிய்ந்துவிடும். காதை மூடும் குல்லா, கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத கோட்டு. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். போய்வர மொத்தம் 11 கிலோமீட்டர் 400 மீட்டர்.

ஆனால் மார்ச் வேண்டாம் அண்ணி, மே மாதம் பார்க்கலாம். முகட்டில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அன்று அப்படித்தான் பிரிந்தோம். பின்னால் வருகிறார் என்று நினைத்து நான் இறங்கிவிட்டேன். கீழே வந்ததும் பாதை தொடங்கும் இடத்துக் காவல் அறையில் இருந்த வனக் காவலரிடம் சொன்னேன். அவர் அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "வந்துடுவாரு சார்" என்றார். அதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும்?

உங்கள்,
தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

படம் கிடைத்தது. தூரம் மீட்டர் வரை இருக்கிறது. நேரம் ஒன்றுகூட இல்லை. நான் கேட்டது அதைத்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் பிடித்து, பாதை தொடங்கும் இடம்வரை போய்வந்தேன். நீங்கள் சொன்னது சரி, காற்று என் கைப்பையைப் பிடுங்கப் பார்த்தது. காவல் அறையில் இப்போது வேறு ஆள். "மேல போறதா இருந்தா இதுல எழுதிட்டுப் போங்கம்மா" என்று நோட்டை நீட்டினார். போகிறவர்கள் பெயரும் நேரமும் எழுத வேண்டும். திரும்புகிறவர்களை எண்ணி எழுதுவது காவலர் வேலையாம். பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். நான் யார் என்று சொன்னதும் அலமாரியைத் திறந்தார்.

மார்ச் 9. போன நேரம் 6.35. திரும்பிய நேரம் 2.50. "இருவரும் திரும்பினர்."

அவர் திரும்பவே இல்லையே தம்பி. மறுநாள் பகலில்தானே அவர் உடலை மேலேயிருந்து இறக்கினார்கள்?

"இதுக்காகத்தான் பழைய ஆளை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. தூக்கத்துல எண்ணாம எழுதிட்டாருன்னு. அது என் எழுத்தே இல்லைன்னு அந்த மனுஷன் தலைதலையா அடிச்சுக்கிட்டார்" என்றார் இவர்.

அது யார் எழுத்து என்று எனக்குத் தெரியும். உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னென்னவோ தோன்றுகிறது. மேலே சண்டையா? அவர் கிடப்பது தெரிந்தே இறங்கினீர்களா? இப்படிக் கேட்க எனக்கே கூசுகிறது. கூசினாலும் கேட்கிறேன்.

அண்ணி

பிப்ரவரி 11

அண்ணி,

சண்டை இல்லை. என் பிள்ளைகள்மேல் சத்தியம்.

பதினாலு வருஷமாக எங்களுக்குள் ஒரு வழக்கம். முதலில் இறங்குகிறவர் இரண்டு பேருக்குமாக நோட்டில் எழுதிவிட்டு, போய்க் காரைச் சூடாக்கி வைப்பார். மற்றவர் நேராக வந்து ஏறிக்கொள்வார். அன்று காவலர் தூங்கவில்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நோட்டு மேஜைமேல் இருந்தது. கை தானாக எழுதிவிட்டது.

காரில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது மணி 5.10. ஓடிப்போய், அவரைக் காணோம் என்று சொன்னேன். காவலர் நோட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வந்தாச்சே சார், வேற வண்டியில போயிருப்பாரு" என்றார். எழுதியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே ஆள் போயிருக்கும். வெட்கமோ பயமோ, வாய் வரவில்லை. அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று நானும் நம்பப் பார்த்தேன். நீங்கள் கதவைத் திறந்து "அவர் எங்கே?" என்று கேட்கும்வரை.

விசாரணையில் காவலர்மேல் பழி போட்டார்கள். நான் மறுக்கவில்லை. உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலும், அடுப்பை விட்டு எழவில்லை என்று பொய் சொல்லி, அவர்மேலேயே பழி போட்டேன்.

மார்ச்சிலேயே போகலாம். நான் கூட வருகிறேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 19

தம்பிக்கு,

மூன்று தடவை படித்தேன். நம்புகிறேன். சந்தேகப்பட்டதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதி இருக்கட்டும்.

விழுந்த பிறகும் அவர் சாயங்காலம் ஏழு மணிவரை உயிரோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உங்களிடம் இதை நான் சொன்னதில்லை. 5.10க்கும் ஏழுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

மலைக்கு நான் மகளோடு போகிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். நீங்கள் போக வேண்டிய இடம் வேறு.

பழைய காவலரின் முகவரியை வாங்கிவைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கி, மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் உள்ள சந்தில் இருநூறு அடி நடக்க வேண்டும். மூன்றாவது மாடி, படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. இப்போது ஒரு கிடங்கு வாசலில் காலைக் காவல் பார்க்கிறார். இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பார். இரண்டரைக்குப் போங்கள், சாப்பிட்டு முடித்திருப்பார். அவர் மனைவிதான் கதவைத் திறப்பார். யார் என்று கேட்டால் முழுசாகச் சொல்லுங்கள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போங்கள். நடந்தால் பதினைந்து நிமிஷம். ஐந்து மணிவரை திறந்திருக்கும். அந்த நோட்டில் எழுதியது நீங்கள்தான் என்று அங்கே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

அதன் பிறகு எனக்கு எழுதலாம். அதுவரை கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

அண்ணி