மணல் வைத்துத் தைத்த போர்வை

ஜூன் 2

என்னங்க,

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். போனில் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போன் மணி அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. டாக்டரம்மாவும் கொஞ்ச நாளைக்குக் கடிதமே போதும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பைத்தியம் இல்லையாம். முதலில் அதைத்தான் கேட்டேன். சிலருக்கு இயல்பே அப்படியாம். மற்றவர்கள் காதில் சும்மா விழுகிற சத்தம் நமக்கு இடியாக இறங்குமாம். அடக்கி அடக்கி வைத்தால் ஒருநாள் பொங்கத்தான் செய்யுமாம்.

அன்று நடந்ததை நினைக்காத நேரமில்லை. பிறந்த அன்றே ஆஸ்பத்திரியை இரண்டாக்கினாள் என்று நீங்கள்தானே நம் மகளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்தீர்கள். அவள் அழுகை தாங்காமல் அவளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓடினேனே. நாலு வயதுப் பிள்ளை. நீங்கள் கடையிலிருந்து வந்து திறக்கும்வரை தனியாகக் கிடந்தாள். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லியிருக்கிறார். மணிக்கட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். அக்காவின் செடிப் பண்ணையில் செருப்பில்லாமல் ஈரமண்ணில் நிற்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் சரியாகி வந்துவிடுவேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்களவள்

*

ஜூன் 7

தொட்டாச்சிணுங்கி மகாராணிக்கு,

திட்டியிருக்கலாமாம்! உன்னைத் திட்டிவிட்டு நான் யாரோடு குடித்தனம் நடத்துவது?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேலைக்கு இறங்கிவிட்டேன். சோபா தைக்கிறவன் மனசு வைத்தால் என்ன ஆகும் என்று வந்து பார். கதவு நிலைகளில் ஸ்பாஞ்சு வைத்து மேலே ரெக்சின் அடித்தாயிற்று. இனி எந்தக் கதவும் படார் என்று சாத்தாது. நாற்காலிக் கால்களுக்கு வெல்வெட் உறை. மிக்சிக்கு அடியில் மெத்தை. காலிங் பெல் கம்பியையும் பிடுங்கிவிட்டேன். மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்னப்பா, வீட்டுக்கே சோபா கவர் போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சில்வண்டு என்னோடு கடைக்கு வருகிறாள். ஸ்பாஞ்சுக் குவியலில்தான் தூக்கம், விளையாட்டு எல்லாம். அம்மா எப்போது வருவாள் என்று தினமும் கேட்கிறாள். வீட்டில் சத்தமே இல்லாமல் ஆனதும் வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மடியில் பாரம் இருந்தால் உன் படபடப்பு அடங்குகிறது என்று அக்கா போனில் சொன்னார். மணலைக் கழுவிக் காயவைத்து, சின்னச் சின்ன அறையாகத் தையல் ஓட்டி, அதற்குள் மணலை அடைத்து ஒரு போர்வை தைத்திருக்கிறேன். பஸ்ஸில் அனுப்பப் போனால் பார்சல்காரன், உள்ளே கல்லா என்று கேட்கிறான். என் பெண்டாட்டிக்கு நான் அனுப்புகிற பாரம் என்றேன்.

உன் ரெக்சின்காரன்

*

ஜூன் 14

என்னங்க,

போர்வை வந்தது. மடியில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையை அழுத்திப் பிடித்தாற்போல் இருந்தது. மூலையில் சில்வண்டு போட்ட கோணல் தையல் ஒன்று இருக்கிறதே, அதைத் தடவிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்றுப் பண்ணைக்கு வந்த லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. நான் ஓடவில்லை. உதட்டை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று நீளமாக முனகினேன். நெஞ்சுக்குள் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. நான் தேனீ வளர்ப்பதாக அக்காவுக்குக் கேலி.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதால் மட்டும் இன்னும் குளியலறைக்குள் போய்விடுகிறேன். ஆனால் முன்னைவிடச் சீக்கிரம் வெளியே வருகிறேன். 25ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

அவள் சட்டைக் கழுத்தில் இருக்கும் துணிப்பட்டையை வெட்டிவிடுங்கள். உறுத்தினால் அழுவாள். அதில் அவள் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

உங்களவள்

*

ஜூன் 18

மகாராணிக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டாயா! கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. நம் சில்வண்டு ரொம்ப மாறிவிட்டாள். நேற்றுக் கடையில் பெஞ்சிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். மோவாய் கிழிந்து ரத்தம். பயப்படாதே, சின்னக் காயம்தான், தையல் போட்டாயிற்று. ஊரைக் கூட்டப் போகிறாள் என்று நான் பதறி ஓடினால், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறாள். கண்ணீர் மட்டும் கொட்டுகிறது. விரலிடுக்கு வழியாகக் கேட்டாள்:

"நான் அழல. அம்மா வந்துடுவாங்கல்ல?"

தையல் போடும்போதும் அப்படியே இருந்தாள். இவ்வளவு சமத்தான பிள்ளையைப் பார்த்ததில்லை என்று நர்சே சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போதெல்லாம் சிரிப்பு வந்தாலும் பொத்திக்கொள்கிறாள்.

பயமில்லாமல் வா. வீடும் தயார், பிள்ளையும் தயார்.

உன் ரெக்சின்காரன்

*

ஜூன் 21

என்னங்க,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அக்காதான் போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தாள்.

உங்கள்மேல் கோபமில்லை. எனக்காகத்தான் செய்தீர்கள். ஆனால் வாயைப் பொத்திய அந்தக் கையை எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கு அழுகைச் சத்தம் ஆகாது. நானும் பொத்திப் பொத்தித்தான் வளர்ந்தேன். உள்ளே போன சத்தம் எங்கேயும் போகவில்லை. பெற்ற பிள்ளையைப் பூட்டிவிட்டு என்னை ஓட வைத்தது அதுதான்.

நான் வந்தால் அவள் அந்தக் கையை எடுக்கவே மாட்டாள். அழலாம் என்று நான் நூறு தடவை சொன்னாலும், அவள் அழும்போது என் முகம் மாறுவதைப் பார்த்துவிடுவாள். அவளுக்குக் கண் அப்படி. என் முகத்தை என்னால் அடக்க முடியவில்லை. அழுகையைக் கொஞ்ச நேரம் தாங்குகிறேன், ஒருநாள் பொழுது முழுக்கத் தாங்கமாட்டேன். அதனால் நான் வரவில்லை. எப்போது வருவேன் என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள்.

போர்வையைத் திருப்பி அனுப்புகிறேன். அது அவளுக்கு. மிக்சி போடுமுன் அவளிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். கூட்டமான இடத்துக்குப் போய் வந்தால் வெளிச்சத்தைக் குறைத்துச் சும்மா விட்டுவிடுங்கள். அழுதால் ஏன் என்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அழுது முடித்த பிறகு, முடித்த பிறகுதான், போர்வையை மடியில் போடுங்கள். நீங்கள் மூச்சை மெதுவாக விட்டால் அவளும் விடுவாள். முனகச் சொல்லிக்கொடுங்கள். இதெல்லாம் நான் கூட இருந்து செய்ய வேண்டியது. என்னால் ஆகவில்லை.

நான் வரவில்லை என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் அழுததனால் இல்லை என்று சொல்லுங்கள். கதவில் அடித்த ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போடுங்கள்.

உங்கள் தொட்டாச்சிணுங்கி

*

ஜூன் 29

தொட்டாச்சிணுங்கிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பெற்றவள் இப்படியும் எழுதுவாளா என்று ஆத்திரம். பிறகு போர்வை வந்தது. கோணல் தையல் இருந்த இடம் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. ஆத்திரம் போய்விட்டது.

ஸ்பாஞ்சைப் பிய்த்துவிட்டேன். கதவு பழையபடி படார் என்கிறது.

இன்று காலையில் அவளை உட்கார வைத்து, அம்மா இப்போது வரவில்லை என்று சொன்னேன்.

"நான்தான் அழவே இல்லையேப்பா" என்றாள்.

நீ அழுததனால் இல்லை, இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம் என்று சொன்னேன். அவள் கை வாய்க்குப் போனது. நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், அலறிவிட்டாள். வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஓடி வந்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. நிறுத்தவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடிந்த பிறகு போர்வையை எங்கள் இரண்டு பேர் மடியிலும் போட்டேன். முனகச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு உடனே வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

நீ எழுதியபடியே நம் சில்வண்டு வாய்விட்டு அழுதாள். அம்மா, அம்மா என்றுதான் அழுதாள்.

சில்வண்டின் அப்பா