கரி உலையும் என் கையெழுத்தும்

அக்கா,

இன்று காலை சத்துணவுக் கூடத்தைத் திறந்ததும் வைக்கோல் புகை உள்ளே வந்து அடைத்தது. அறுவடை மிஷின் விட்டுப்போன வைக்கோலை ஊராட்சித் தலைவர் தன் வயலிலேயே கொளுத்தியிருக்கிறார். பிள்ளைகள் இருமுகிறார்கள். கேட்க ஒரு நாதியில்லை.

உங்கள் உலையில் என்றைக்காவது இவ்வளவு புகை வந்ததா? பெரிய பீப்பாய்க்குள் சின்னப் பீப்பாய். உள்ளே கருவேலங்குச்சியும் தேங்காய் மட்டையும் திணித்து மூடி, வெளியே தீ வைப்பீர்கள். மூடியின் ஓட்டை வழியே வரும் ஆவியும் தீப்பிடித்து எரிந்துவிடும். "காத்து உள்ள போனா சாம்பல்தான் மிஞ்சும். போவாம பாத்துக்கிட்டா கரி" என்பீர்கள். அந்தக் கரியைக் கஞ்சியில் பிசைந்து நீங்கள் தட்டித்தந்த வில்லைகளில்தான் ஒரு வருஷம் கண் எரியாமல் சோறு வடித்தேன்.

வாய்க்கால் ஓரப் புறம்போக்கில் உங்கள் மாமியார் காலத்திலிருந்து குடியிருந்தீர்கள். பட்டா தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து சொன்னார்கள். தலைவருக்கோ அந்த இடத்தின் மேல் கண். ஒருநாள் ஒரு தாளோடு சத்துணவுக் கூடத்துக்கு வந்தார். சத்துணவு அமைப்பாளரான என்னை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

"ரோடு போடச் சொல்லி மனுங்க டீச்சர். ஒரு கையெழுத்து."

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வாசிக்காமல் போட்டேன். உங்கள் உலையால் ஊருக்கே நோய் என்ற புகார் அது.

பத்தாம் நாள் பொக்லைன் வந்து பீப்பாய்களை நசுக்கி, கூரையையும் சரித்தது. அதிகாரி புகாரில் இருந்த பெயர்களை வாசித்தார். என் பெயர் வந்ததும் திரும்பிப் பார்த்தீர்கள்.

"படிச்சவதானே நீ? படிக்காம ஏன்டி போட்ட?"

நான் கூட்டத்துக்குப் பின்னால் நழுவிப் போனேன். அந்த என்னை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமைதோறும் மனுவோடு திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனீர்கள். மூன்றாம் மாதம் வரிசையிலேயே சரிந்து விழுந்து உயிரை விட்டீர்கள். மனு உங்கள் கையிலேயே இருந்ததாம்.

நீங்கள் போன பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரணையன்று தலைவர் பக்கத்தில் வந்து, "வேலை வேணுமா, வேணாமா?" என்றார்.

"வேலையை எடுத்துக்குங்க. நான் கையெழுத்துப் போட்டது ரோட்டுக்கு," என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினேன்.

வேலை போகவில்லை. உங்கள் மகளுக்குப் பட்டாவும் வரவில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் தலைவரால் அங்கே ஒரு வேலிக்கால்கூட ஊன்ற முடியவில்லை.

இப்போது நம் தெருவில் யார் கையெழுத்துக் கேட்டு வந்தாலும் பெண்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். வந்தவரை உட்காரவைத்து, "முழுசாப் படிங்க, சத்தமா" என்கிறேன். பாதியிலேயே தாளை மடித்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம், அக்கா.