நவம்பர் மாதத்தில் ஒன்று

ஈசா டவுன், பஹ்ரைன்
4 அக்டோபர் 2009

என் அன்புள்ள டெல்சிக்கு,

யேசுதாசன் எழுதுவது. நானும் ஜெபிஷாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று முதல் வரியிலேயே கேட்டு முடித்துவிட எனக்கு மனமில்லை. கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப் போகிறேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, ஆறாவது நிமிடம் கார்டு தீர்ந்துபோகிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

ஜெபிஷாவை உன்னிடம் அனுப்பச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டு ஒன்றரை மாதமாகிறது. அந்தத் தாள் பைபிளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரைப் பற்றி விசாரிக்காமல் எந்தத் தகப்பன் பதினோரு வயதுப் பெண்ணைக் கப்பல் ஏற்றுவான்? ஆகவே விசாரித்தேன்.

எங்கள் ஸ்டோர்கீப்பர் தியாகு சொல்லித்தான் தெரியும். நீ வேலைக்குப் போயிருக்கும் நாட்டுப் போலீஸ் இந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் மாதம் எத்தனை குற்றம் நடந்தது என்று மேப்பில் கட்டம் கட்டி இன்டர்நெட்டில் போடுகிறார்களாம். மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நீ இருக்கும் மார்ல்டனைத் தேடிப் பிடித்தோம். பதினாலாயிரம் ஜனம் உள்ள ஊர். ஆகஸ்டில் வீடு புகுந்து திருட்டு மூன்று. வண்டித் திருட்டு நாலு. அடிதடி ஒன்பது. சமூக விரோத நடத்தை முப்பத்தொன்று. அது என்ன என்று கேட்டேன். பூங்காவில் பீர் குடித்துவிட்டுக் கத்துவது, பஸ் ஸ்டாப் கண்ணாடியை உடைப்பது என்றார் தியாகு. அப்படிப் பார்த்தால் மறுநாள் வெள்ளி விடுமுறை என்று வியாழக்கிழமை ராத்திரி எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் ஒன்றே போதும், அந்தக் கட்டம் நிறைந்துவிடும். சிரித்தோம். பிறகு வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழிப்பறி மட்டும் சுழியம். ஜனவரியிலிருந்து எல்லா மாதமும் சுழியம். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். கம்பெனி கொடுத்த மேசைக் காலண்டரில் மாதாமாதம் குறித்து வருகிறேன்.

இங்கே நம் மகள் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறாள், நான் கவலைப்பட்டதே இல்லை. கடைக்காரன் வண்டியை ஸ்டார்ட்டிலேயே விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போகிறான். எங்கள் சைட் வாசலிலும் ஒரு போர்டு இருக்கிறது. விபத்தில்லாத நாட்கள்: 543. தினமும் ஒரு எண் கூடுகிறது. இதற்குப் பெயர்தான் பாதுகாப்பு.

கீழ்வீட்டு ஜுலைஹா பீவி அக்காவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். நீ இங்கே ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்த காலத்திலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவராயிற்றே, என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் தம்பி, புள்ளைக்குத் தாய்தான் வேணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என்னையும் கூப்பிட்டாய். ஏசி மெக்கானிக் நான். வருடம் பூராவும் ஏசி தேவைப்படாத ஊருக்கு வந்து என்ன செய்வேன், உன் முதியோர் இல்லத்தில் தாத்தாக்களுக்கு விசிறி வீசவா?

காலை ஐந்து பத்துக்கு அலாரம் இன்னும் அடிக்கிறது. உன் டூட்டி வேன் வந்த நேரம். எனக்கு ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் போதும். அந்த முப்பத்தைந்து நிமிடம் சும்மா படுத்துக் கிடப்பேன். மாற்றி வைக்கலாம். ஒன்றரை வருடமாக மாற்றவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு எந்த வழியாக நடக்கிறாய் என்று ஒவ்வொன்றாக எழுது. மாதா உன் கூடவே நடக்கட்டும்.

உன்,
யேசுதாசன்

*

ஈசா டவுன்
27 நவம்பர் 2009

அன்பு டெல்சிக்கு,

உன் கடிதம் வந்தது. கேட்டபடி வழியை எழுதியிருக்கிறாய், சந்தோஷம். முதியோர் இல்ல வாசல், சர்ச் மதில், மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடை, ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்து, அதைத் தாண்டினால் உன் தெரு. ஜெபிஷாவிடம் கொடுத்துப் படமாக வரையச் சொன்னேன். பாலத்துக்கு அடியில் அவள் ஒரு பூனையை வரைந்து வைத்திருக்கிறாள். அங்கே பூனை உண்டா என்று கேட்கிறாள்.

பாலத்துக்கு அடியில் விளக்கு உண்டா என்று நான் கேட்கிறேன். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்றும் நீதான் எழுதியிருக்கிறாய்.

இந்த மாதம் உனக்கு நேரம் சரியில்லை போலிருக்கிறது. போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு நம்பரை மாற்றினாய். அதே வாரம் ஈர இலைகளில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு சுளுக்கு. இப்போது கம்ப்யூட்டரில் கேமராவும் கெட்டுவிட்டது என்கிறாய். பத்து வருடம் ஆஸ்பத்திரிக்குள் ஓடியாடியவள், ஒரு நாளும் கால் இடறியதில்லை. இலையில் போய் விழுந்தாயே. உங்கள் போலீஸ் மேப்பில் இலைக்கு ஒரு கட்டம் போடச் சொல்ல வேண்டும். சுளுக்குக்கு எண்ணெய் போட்டு நீவுகிறாயா? கூட இருக்கும் நளினியிடம் நீவிவிடச் சொல்.

முகம் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. குரல் மட்டும் போதவில்லை டெல்சி. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனால் பாடகர் குழுவில் நீ நின்ற இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இப்போது அங்கே மங்களூர்க்காரப் பெண் ஒருத்தி நிற்கிறாள், நன்றாகத்தான் பாடுகிறாள். எனக்குப் பிடிக்கவில்லை.

சம்மதக் கடிதம் அப்படியேதான் இருக்கிறது. ஏன் இன்னும் போடவில்லை என்று போனில் கேட்டாய். முன்பெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் அரை மணி நேரம் வாதாடுவாய், இந்த முறை சட்டென்று பேச்சை மாற்றிவிட்டாய். சலித்துவிட்டதோ என்று நினைத்தேன். அக்டோபரிலும் வழிப்பறி சுழியம்தான். நவம்பர் கணக்கும் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குச் சேலை கட்டிப் போட்டோ எடுத்து அனுப்பு. நீலச் சேலை. ஜெபிஷா உன் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறாள், தோளில் கை போட வேண்டுமென்றால் இனி நீ கையை உயர்த்த வேண்டியிருக்கும்.

கையைப் பார்த்துக்கொள். பாரம் தூக்காதே.

என்றும் உன்,
யேசுதாசன்

*

ஈசா டவுன்
29 டிசம்பர் 2009

என் டெல்சிக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. நளினி மேல் கோபப்படாதே, அதை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று நவம்பர் கணக்கு வந்தது. கடையில் நான், தியாகு, ஜெபிஷா மூவரும் இருந்தோம். வழிப்பறி என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. பத்து மாதம் சுழியமாக இருந்த இடத்தில் ஒன்று.

அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் சொன்னேன் பார்த்தாயா என்று உனக்கு எழுதலாம், இனி கையெழுத்துப் போட வேண்டியதில்லை, மகள் என்னோடு இருந்துவிடுவாள் என்று மனது துள்ளியது. பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஜெபிஷா பக்கத்து மெஷினில் உன் கிறிஸ்துமஸ் போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா, மம்மி சோ ஃபன்னி, சேலைக்கு மப்ளர் சுத்தியிருக்காங்க, அதுவும் வீட்டுக்குள்ளே என்றாள்.

நானும் பார்த்தேன். நவம்பரில் போன் போயிற்று. நவம்பரில் மணிக்கட்டு. நவம்பரில் கேமரா. இப்போது கழுத்தில் மப்ளர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எனக்குப் பரிமாறியிருக்கிறாய், நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நளினிக்குப் போன் போட்டேன். எல்லாம் தெரிந்தவன் போல, டெல்சிக்குக் கழுத்துக் காயம் ஆறிவிட்டதா என்று கேட்டேன். திருட்டுத்தனம்தான். பாவம், அவள் நம்பிவிட்டாள். தழும்பு மட்டும் இருக்கு அண்ணே, கைக்கட்டும் பிரிச்சாச்சு, செயினைப் பிடிச்சு இழுத்ததுலதான் கழுத்து அறுத்துப்போச்சு என்றாள். அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பாலத்துக்கு அடியில், மாலை நாலே முக்காலுக்கு. இரண்டு பேர். நான் வழியை எழுதச் சொன்னேனே, அதே சந்து. எனக்கு அந்த வழியை எழுதி அனுப்பியது நீ விழுவதற்கு முன்பா பின்பா என்று தபால் முத்திரையை எடுத்துப் பார்த்தேன். பின்பு. நாலு நாள் பின்பு. அடிபட்ட கையால் எழுதியிருக்கிறாய். எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கூட நான் கேட்கவில்லை.

தாலி போனதற்கு அழாதே. நம் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த புறா பொறித்த தாலி, எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் கட்டினவன் உயிரோடு இருக்கிறேன், கட்டிக்கொண்டவள் உயிரோடு இருக்கிறாய். இன்னொன்று செய்யலாம்.

எனக்குத் தாங்காதது வேறு. நீயே தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்து எல்லாவற்றையும் சொன்னாயாமே. அங்கிருந்த பெண் போலீஸ் டீ போட்டுக் கொடுத்து, யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்களாம். யாரும் இல்லை என்று சொன்னாயாம்.

கோபம் வந்தது. முகம் தெரியாத ஊர்ப் போலீசிடம் சொன்னவள் என்னிடம் சொல்லவில்லையே என்று. பிறகு யோசித்தேன். என்னிடம் எப்படிச் சொல்வாய்? சொன்னால் மகளை அனுப்ப மாட்டேன். நான்தான் மாதாமாதம் காலண்டரோடு உட்கார்ந்திருந்தேனே, எப்போது ஒன்று விழும் என்று. உன் வாயைக் கட்டியது நான்.

நீ சொன்னதால்தான் அங்கே ஒன்று என்று எழுதினார்கள் என்பதும் எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. சொல்லாமல் இருந்திருந்தால் நவம்பரும் சுழியம். நானும் நல்ல ஊர் என்று நினைத்திருப்பேன். இதை யோசித்த பிறகு நான் ஒன்றை மறைத்து வைத்திருக்க முடியாது.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு வாரம் போன் எடுக்காமல் இருந்துவிட்டு, வயிற்றுக் கோளாறு என்று சொன்னேன். வயிறு இல்லை. மதிய வெயிலில் மொட்டை மாடியில் வேலை செய்தபோது மயக்கம் போட்டு ஏணியிலிருந்து விழுந்தேன். விலா எலும்பு இரண்டு. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். பிள்ளையை ஜுலைஹா பீவி அக்கா வைத்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லாதே மக்ளே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். நம் மகளுக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டேன், என்ன குடும்பம் நாம்.

சைட் வாசல் போர்டைப் பற்றிப் பெருமையாக எழுதினேனே. நான் விழுந்த அன்று அதில் 127. மறுநாள் 128. சூப்பர்வைசர் வந்து, யேசு பாய், ரிப்போர்ட் மாஃபி, கலாஸ் என்றார். அதாவது ரிப்போர்ட் கிடையாது, அத்தோடு முடிந்தது. விசா அவர்கள் கையில், நானும் தலையாட்டினேன். அந்த போர்டு இன்றைக்கும் ஏறிக்கொண்டே போகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

சம்மதக் கடிதத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, முன்பைவிட அதிகம். ஆனால் நீ அங்கே யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. மகளை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று கேட்காதே. ஐந்து பத்து அலாரம் இருக்கிறது, அது எழுப்பிவிடும்.

ஒன்று விசாரித்துச் சொல். அங்கே வீடுகளில் சூடேற்றும் மெஷின் இருக்கிறதே, அது கெட்டுப்போனால் யார் பார்க்கிறார்கள்? குளிர வைக்கும் குழாயைத் தெரிந்தவனுக்குச் சூடாக்கும் குழாயும் பிடிபடும் என்று நினைக்கிறேன். சிரிக்காதே. என் கான்ட்ராக்ட் ஜூலையில் முடிகிறது.

ஜெபிஷா வந்ததும் அந்தப் பாலத்துக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நட. அவளுக்குப் பயமாக இருக்கும் என்பதால் பிடித்திருப்பதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும். முடிந்தால் அங்கே ஒரு பூனையைக் காட்டிவிடு.

டிசம்பர் கணக்கையும் பார்ப்பேன், அதற்கு அடுத்ததையும் பார்ப்பேன். அந்த ஒன்று, ஒன்றாகவே நின்றுபோக மாதா காக்கட்டும். அப்படியும் ஏதாவது வந்தால் முதலில் போலீசுக்குச் சொல், அடுத்து எனக்குச் சொல். நேரம் பார்க்காதே, அங்கும் இங்கும் மூன்று மணி நேரம்தான் வித்தியாசம்.

இத்துடன் ஒரு சின்ன அட்டையும் வைத்திருக்கிறேன். ஜெபிஷா ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்தாள், எதற்கென்று நான் சொல்லவில்லை. பர்ஸில் வைத்துக்கொள். யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று இனி யாராவது கேட்டால் அதை எடுத்துக் கொடு. என் நம்பர் இருக்கிறது. பெயர், யேசுதாசன். உறவு, கணவன்.

உன்,
யேசுதாசன்