இரண்டாம் வரிசைப் புட்டிகள்

ஜனவரி 14, செவ்வாய்

தேதி கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி 4. இவருக்குப் பெருங்குடல் முழுவதையும் எடுக்க வேண்டுமாம். பதினோரு வருடமாகப் புண்ணாகிப் புண்ணாகி இனி எந்த மருந்துக்கும் அடங்காது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சில மாதம் வயிற்றில் மலம் சேரும் பை. பிறகு சிறுகுடலை இழுத்து இணைத்துவிட்டால் பை போய்விடும். இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்புறம் மாட்டுக் கொட்டகைக்குப் போலாமா டாக்டர்?"

நான் டாக்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் வழியில் தோஃபு வாங்கினேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பயம்கூட வரமாட்டேன் என்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

மைனஸ் பத்தொன்பது. கார் கிளம்பவே கால் மணி நேரம்.

ஆய்வகத்தில் எலிகளுக்கு ஐந்தாம் நாள். குடலில் புண் வரவழைக்கும் தண்ணீர் எல்லாக் கூண்டுக்கும் உண்டு. இரண்டாம் வரிசைக்கு மட்டும் அதில் பாலிலிருந்து எடுத்த புரதப் பொடியும் சேர்கிறது. முதலில் தொண்டையில் குழாய் விட்டு ஊட்டுவதாகத்தான் பேச்சு. பாவம், நடுங்கிச் சாகும், தண்ணீரிலேயே கலந்துவிடலாமே என்று நான்தான் நிஷிமோரியிடம் சொன்னேன். ஆராய்ச்சி அவளுடையது, கூண்டுகள் என் பொறுப்பு. அவளுக்கும் அவசரம். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது.

முதல் வரிசை முதுகைக் குறுக்கிக்கொண்டு கிடக்கிறது, புழுக்கையில் ரத்தம். இரண்டாம் வரிசை கம்பியில் ஏறி விளையாடுகிறது. நிஷிமோரி என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "அக்கா, பாருங்களேன்! ஐயோ, பாருங்களேன்!" பார்த்தேன். நல்லது என்றேன். புட்டிகளை நிரப்பினேன். இரண்டாம் வரிசையில் அதிகம் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. வேலை மிச்சம்.

ஜனவரி 18, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். ஆய்வக விஷயம் எதையும் வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவள். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக "குளிக்கத் தண்ணி ரெடி", "மண்ணெண்ணெய் தீந்துருச்சு", அதற்கு மேல் பேச்சில்லை. இன்று எனக்கு வாய் ஓயவில்லை. எந்த எலி, எந்தக் கூண்டு, எப்படி ஏறியது என்று எல்லாம். இவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

ஜனவரி 20, திங்கள்

இவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அறுவையை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டார். என்னிடம் கேட்கவே இல்லை.

"நாப்பது வருஷம் மாட்டுக்கு ஊழியம் பண்ணிருக்கேன். மாடு எனக்கு ஒரு தடவ பண்ணக் கூடாதா?"

சாயங்காலம் இவர் அண்ணன் யோஷியோ இரண்டு புட்டி சீம்பால் கொண்டு வந்தார். எங்கள் எலிப் பொடி சீம்பாலில் நிறைய இருக்கிறது என்று நான்தான் சனிக்கிழமை உளறியிருந்தேன். "ஏண்டா, கன்னுக்குட்டிக்குப் போட்டியா கிளம்பிட்டியா?" என்று அண்ணன் கேலி செய்ய, இவர் சிரித்தார். இவர் சிரித்து எத்தனை நாளாகிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எலிகள் நன்றாகத்தானே இருக்கின்றன?

ஜனவரி 23, வியாழன்

கழிப்பறைக் கதவு ஒன்பது தடவை. ஐந்து என்று சொன்னார்.

ஜனவரி 27, திங்கள்

இரண்டாவது தொகுதி எலிகள். அதே பலன். நிஷிமோரி எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தாள்.

அவள் கேக் வெட்டும்போது நான் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரிசைப் புட்டியின் உறிஞ்சு முனையில் பொடி உறைந்து ஆடை மாதிரி ஒரு படலம். அடுத்ததிலும். தராசில் வைத்தேன். முதல் வரிசைப் புட்டிகள் எல்லாம் பாதிக்கு மேல் காலி. இரண்டாம் வரிசையில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும்.

அவை பேருக்குத்தான் குடித்திருக்கின்றன. புண் வரவழைக்கும் தண்ணீரைக் குடிக்காததால் புண் வரவில்லை. பால் ஒன்றும் செய்யவில்லை.

தினமும் நானே நிரப்பினேனே. வேலை மிச்சம் என்றுதானே நினைத்தேன், கழுதை.

கேக் தின்றேன். ஸ்ட்ராபெரி.

ஜனவரி 28, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று எழுத உட்கார்ந்தேன், தெரியவில்லை. இவர் சீம்பால் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பேய் விரட்டும் நாள். தோலோடு வேர்க்கடலையை வாசலில் எறிந்தார். "பேயே, வெளியே போ" என்று கத்த வேண்டும், குரல் எழும்பவில்லை. வயதுக்கு ஒன்றாக எண்ணித் தின்ன வேண்டும், இவருக்குக் கடலை ஆகாது. இவருடைய ஐம்பத்தெட்டையும் சேர்த்து நானே தின்றேன். வயிறு கல்லாகக் கிடக்கிறது.

சட்டையை மாற்றும்போது பார்த்தேன், விலா எலும்பை எண்ணலாம். இன்றைக்கு நாலு தடவைதானாம். நான் பதினொன்று எண்ணினேன். இவர் பொய் சொல்கிறார், நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல ஜோடி.

பிப்ரவரி 5, புதன்

நேற்று நான்காம் தேதி. நேற்று முடிந்திருக்க வேண்டியது.

நிஷிமோரியிடம் சொன்னேன். தராசுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு குடிச்சுதுன்னு எழுதி வச்சீங்களாக்கா?"

"எழுதச் சொல்லலியேம்மா."

"ஆமா. நான் சொல்லல." முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "சரி, குழாய்லயே ஊட்டுவோம். முதல்லேருந்து."

பேசாமல் விட்டிருந்தால் அவளுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருப்பார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 6, வியாழன்

இவரிடமும் சொல்லிவிட்டேன். தாழ்வான மேசைக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான்.

"அப்ப அதுங்க பால் குடிச்சுப் பொழைக்கல. விஷத்தக் குடிக்காம பொழச்சுதுங்க."

"ஆமாங்க."

"கெட்டிக்காரப் பசங்க." சிரித்தார், சிரிப்பு இருமலாகியது. "எப்போ கண்டுபிடிச்ச?"

"இருபத்தேழு."

பத்து நாள். விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது. நாசமாய்ப் போனவளே என்று கத்துவார் என்று உட்கார்ந்திருந்தேன்.

"பால் ஒண்ணும் கேக்கலன்னு எனக்கு மொத வாரமே தெரியும்டி."

"அப்புறம் ஏங்க குடிச்சீங்க?"

"அன்னிக்கு நீ பேசினியே. எலி அப்படி ஏறுச்சு, இப்படி ஏறுச்சுன்னு. பால நிறுத்திட்டா நீ பழையபடி வாய மூடிக்குவ."

பாத்திரம் கழுவப் போய்விட்டேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

போன் செய்தார். அறுவைக்கு இந்த மாதம் 27ஆம் தேதி கிடைத்தது.

பிப்ரவரி 8, சனி

காலையில் பல் தேய்க்கப் போனவர் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டார். வயிறு பலகையாய் இறுகிவிட்டது. ஆம்புலன்ஸ். குடல் ஓட்டையாகிவிட்டதாம். ஐந்து தாளில் கையெழுத்துப் போட்டேன். உறவு: மனைவி. ஐந்து கையெழுத்தும் ஒரே மாதிரி நேராக விழுந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

உயிருக்கு மோசமில்லை. ஆனால் உள்ளே சீழ் பரவியிருந்ததால் ஆசனவாய் வரை கீழ்ப்பகுதியையும் எடுத்து மூடிவிட்டார்கள். இணைக்க இனி வழியில்லை. பை நிரந்தரம்.

"முதலில் குறித்த தேதியில் செய்திருந்தால்?" என்று கேட்டேன். "அது வேற மாதிரி அறுவையா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். தலையைக் குனிந்து வணங்கினேன். அவரும் வணங்கினார்.

பிப்ரவரி 19, புதன்

கஞ்சி. பாதிக் கிண்ணம்.

மார்ச் 3, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. பையை யாரும் பார்க்கக் கூடாது, தானே மாற்றிக்கொள்வாராம். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பவும் மடித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

குழாயில் ஊட்டிய எலிகளின் கணக்கு முடிந்தது. இரண்டு வரிசைக்கும் ஒரே அளவு புண், ஒரே அளவு ரத்தம். நிஷிமோரி "பலன் இல்லை" என்று அறிக்கையில் எழுதி, என்னையும் படிக்கச் சொன்னாள். மாத முடிவில் அவள் போகிறாள். எலிகளைக் கொன்று முடித்தது நான்தான். நாற்பது.

வீட்டுக்கு வந்தால் இவர் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கூடத்தில் நிற்கிறார். பை ஒரு பக்கம் ஒட்டாமல் கசிகிறது. "சிரிக்காத. கை எட்டல" என்றார்.

முட்டி போட்டு உட்கார்ந்து வெந்நீரில் துடைத்தேன். வயிற்றுக்கு வெளியே எடுத்துவிட்ட குடல் முனையை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். சிவப்பாக, ஈரமாக, சின்னதாய் அசைந்துகொண்டிருந்தது.

"சொல்லு. எலிங்க என்னாச்சு?"

"ரெண்டு வரிசையும் ஒண்ணுதாங்க. எல்லாத்தையும் இன்னிக்கு நானே..."

அதற்கு மேல் வரவில்லை. அழுதேன். துடைத்த துணியாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, சீ, அசிங்கம், அழுதேன். எலிக்காகத்தான் என்றேன்.

"சரி, எலிக்காகவே அழு" என்றார். தூக்கிப் பிடித்த சட்டையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.