கோட்டு மாமா - 14

ஜனவரி 12, ஞாயிறு

லேப் ஆட்களோடு ஆற்றங்கரைப் பறவைகள் சரணாலயம். வாரமெல்லாம் ரத்த அணுக்களை எண்ணுகிறவளை ஞாயிற்றுக்கிழமை கொக்கு எண்ணக் கூட்டிப் போனார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் பார்வைக் கோபுரம் ஏறினேன்.

மேலே ஒரு பதிவேடு. என்ன பறவை, எத்தனை என்று பார்த்தவர்கள் எழுதி வைக்கலாம். சும்மா புரட்டினேன். போன ஞாயிறு தேதியில், பென்சிலில், கோணல்மாணலாக: "கோட்டு மாமா - 14."

பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி படித்தேன்.

நீர்க்காகத்துக்கு அந்தப் பேர் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் தம்பிக்கும். மழையில் நனைந்த கோட்டைக் கழற்றாமலே, இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக் காயவைப்பார் எங்கள் மாமா. அந்தப் பறவையும் இறக்கையை விரித்துக்கொண்டு அப்படியே நிற்கும். பேர் வைத்தது நான்தான் என்பேன். இல்லை, நான்தான் என்பான். அடிதடியே நடந்திருக்கிறது.

அவனைப் பார்த்து ஒன்பது வருஷம். வெளிநாடு போய்விட்டான் என்றுதானே சொன்னார்கள்?

ஜனவரி 13

மூன்று ஸ்லைடைத் திரும்ப எண்ணினேன். பதிவேட்டில் இருந்தது அவன் கையெழுத்து இல்லை. குழந்தைக் கையெழுத்து. அப்படியென்றால் —

ஜனவரி 14

"போய்க் கேட்டா தெரிஞ்சுடப் போகுது" என்கிறார் கணவர். எந்த முகத்தோடு கேட்பது? அப்பா இறந்த அன்னிக்கு மூணு மணி நேரம் லேட்டா வந்த தம்பியை வாசல்லயே நிறுத்தி, "இனிமே என் முகத்துலயே முழிக்காத"ன்னு சொன்னது யாரு? நான்தானே. பஸ் கெட்டுப்போய் பாதி வழி நடந்தே வந்திருக்கான். அப்புறம்தான் தெரிஞ்சது. தெரிஞ்சதும் போன் பண்ணினியா? வீம்பு. ஒரு வருஷம் கழித்துப் பண்ணினேன். அந்த நம்பரே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தனியாகப் போனேன். காவலர் சொன்னார்: "ஞாயிறு தவறாம ஒரு பாப்பா வரும். போன வாரம்தான் வாசல் கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுச்சு."

கோபுரத்தில் காத்திருந்தேன். இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தாள், ஏழு வயசுக்காரி. அப்படியே என் அப்பாவின் காது.

"கோட்டு மாமான்னா யாரு பாப்பா?"

"நீர்க்காகம். எங்க அத்தை வச்ச பேரு. அப்பா சொன்னாரு."

விட்டுக்கொடுத்துட்டானா? அவனா?

"போன வாரம் ஏன் திரும்பிட்டீங்க?"

"அத்தை உள்ள போறதை அப்பா பார்த்துட்டாரு. அவங்க முகத்துல முழிக்கக் கூடாதாம்."

கீழே படியில் செருப்புச் சத்தம்.

ஜனவரி 20

நேற்று மேலே எழுத முடியவில்லை.

என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "தெரியாம வந்துட்டேன்க்கா."

எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில்தான் அவன் வீடாம். இத்தனை வருஷமாக.

"கையை எடுடா" என்று சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆனது.

ஜனவரி 26, ஞாயிறு

கோட்டு மாமா பதினொன்று. பாப்பா எழுதினாள்.

பேர் வைத்தது நீதான் என்றேன். இல்லை, நீதான் என்றான். அவள் பசிக்கிறது என்று அழுகிற வரைக்கும் சண்டை.