வாப்பாவின் தும்மலும் சஹன் சோறும்

மருதமுனை
12.03.1984

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். வாப்பாவின் தடிமனும் மூக்குச்சளியும் மாறிவிட்டன. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தானே!

தங்கச்சி ஹாஜறாவின் கலியாணத்துக்கு லீவு போட்டு வந்தீர்கள், சந்தோஷம். ஆனால் ஆறு பேர் கூடியிருந்து ஒரே சஹன் தட்டில் கைவைத்த நேரம், வாப்பா ஒருதரம் தும்மினார் என்பதற்காக "சீ" என்று எழும்பிப் போனீர்களே! பந்தல் முழுக்கப் பார்த்தது. "இங்கிலாந்து மருமகனுக்கு நம்மட சோறு நாறுதாக்கும்" என்று சுபைறா மாமி இன்னும் சொல்லிச் சிரிக்கிறா. ஏன் அப்படிச் செய்தீர்கள்?

உங்கள் மனைவி நஸீறா

இங்கிலாந்து
02.04.1984

அன்பின் நஸீறா,

வஅலைக்கும் ஸலாம். கோபப்படாமல் வாசி. என் வேலை என்னவென்று உனக்குச் சொன்னதில்லை, சொல்லவே குமட்டும். ஆராய்ச்சிக்காகத் தடிமன் பிடித்தவர்களின் மூக்கைக் கழுவிய தண்ணீரைப் போத்தலில் வாங்குகிறேன். அவர்கள் மூக்குச் சிந்திய கடதாசிகளை நிறுக்கிறேன். பகல் சாப்பாடு இறங்குவதில்லை.

அந்தச் சளியில் கொரோனா என்றொரு வைரஸ் கிருமி. அதைச் சுற்றிக் கிரீடம் போல முனைகள். அந்த முனை மூக்கின் உயிரணுவில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். உயிரணு ஏமாந்து அதை உள்ளே எடுக்கும். உள்ளே போனதும் அந்த உயிரணுவைக் கொண்டே தன்னைப் போல ஏராளம் செய்துவிடும். இதில் சொந்தக்காரக் கிருமிகள் இரண்டு. ஒன்று இரத்தத்தின் சிவப்பணுக்களையும் பிடித்து ஒட்டவைக்கும், மற்றது தொடாது. கிரீடம் ஒரே மாதிரி, நுழையும் வாசல் வேறு போல. அந்த வாசலைத்தான் தேடுகிறோம்.

மாமா தும்மியபோது எனக்குச் சோறு தெரியவில்லை, என் போத்தல்தான் தெரிந்தது. அவரிடம் பக்குவமாகச் சொல்லு.

அப்துல் ஸமட்

மருதமுனை
21.04.1984

மச்சான்,

சீ, என்ன தொழில்! ஆனாலும் ஒன்று விளங்கவில்லை. கிருமி பிடிப்பது மூக்கை. சோறு போவது வயிற்றுக்கு. சஹன் சோற்றை நீங்கள் மூக்காலா சாப்பிடுவீர்கள்? ஊரான் சளியைச் சம்பளத்துக்கு அள்ளுகிறவருக்கு என் வாப்பாவின் தும்மல் அருவருப்பா? ஐந்து நேரத் தொழுகைக்கும் வுழூ செய்து மூக்கைக் கழுவுகிற மனிசன் அவர்.

ஒன்றை மறைத்திருந்தேன். அன்றிலிருந்து வாப்பா எந்தச் சஹனிலும் உட்காருவதில்லை. "என்ட மூக்கால மத்தவங்களுக்கு அருவருப்பு வேணாம்" என்று வீட்டிலும் தனிப் பீங்கானில், சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார்.

நஸீறா

இங்கிலாந்து
08.05.1984

அன்பின் நஸீறா,

நீ கேட்டது சரிதான். இங்குள்ள என் வேலையிடத்துப் பெரியவரிடமும் விசாரித்தேன். விரல் மூக்குக்குப் போனால்தான் பயம், வயிற்றுக்குப் போனது அநேகமாக அங்கேயே செத்துவிடும் என்றார். எனவே யோசிக்க ஒன்றுமில்லை. நோன்புப் பெருநாளைக்கு வருகிறேன். மாமாவோடு ஒரே சஹனில் உட்காருவேன்.

அப்துல் ஸமட்

மருதமுனை
27.05.1984

மச்சான்,

கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டார். "அவர் வரட்டும் புள்ள, நான் மூக்கை நல்லாக் கழுவிட்டு இருக்கன்" என்கிறார். கழுவ வேண்டியது அவரா?

சோற்றால் தொற்றும் என்று உங்கள் பெரியவர் சொல்லியிருந்தால்? வாப்பா சாகும்வரை சுவரைப் பார்த்துத்தானே சாப்பிட்டிருப்பார்? அவரிடம் மன்னிப்பென்று ஒரு சொல் எழுத உங்களுக்குக் கை வரவில்லை.

எனக்கு இப்போது உங்களில்தான் அருவருப்பு. ஊர் வழக்கப்படி இது கலியாணத்துக்கு வாப்பா என் பேரில் எழுதித் தந்த வீடு. பெருநாளைக்கு வாருங்கள், வாப்பாவோடு வயிறாரச் சாப்பிடுங்கள். பெட்டியை மட்டும் சம்மாந்துறையில் உங்கள் உம்மா வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

நஸீறா