அறுப்புக்கு ஒரு கை

மேல் புகியாஸ்,
வியாழன், மாலை

அன்பு மகன் இசிட்ரோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் பலவான் தீவில் வேளைக்குச் சாப்பிட்டு, கைகால் வலியில்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறோம். உனக்குத் தென்னந்தோப்பில் வேலை கிடைத்ததாகச் சித்தப்பா சொல்லி அனுப்பினார். அந்த ஊர் வெயில் நம் மலை வெயில் போல் இல்லை, தொப்பி இல்லாமல் நிற்காதே. இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று பிடிபடவில்லை. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், எனக்கு வருவது அதுதான்.

பக்கத்து நிலத்துக் கலிக்ஸ்தோ சாகவில்லை. தொப்பியைப் பற்றி எழுதும் முன் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். நீ வெட்டிய வெட்டில் அவன் வலது கைக் கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. நீ லாரியில் தொற்றி ஏறிப் போன பிறகு அவன் மனைவி முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே தவழ்ந்து தவழ்ந்து அந்த விரலைத் தேடினாள். கிடைத்ததை ஒரு கோஸ் இலையில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். ஒட்டவில்லை. அவளோடு சேர்ந்து நானும் தேடியிருக்கலாம். தேடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவன் தம்பி தாமியன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். எல்லார் கையிலும் அரிவாள். நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டோம். வீட்டை அவர்கள் தொடவில்லை. குரைத்த நாயை ஒரே வீச்சில் இரண்டாக்கிவிட்டு நம் நிலத்தில் இறங்கினார்கள். லாரிக்குத் தயாராக நின்ற கோஸ் முழுவதையும், மலைச் சரிவில் மேல் படி நிலம் தொடங்கிக் கீழ்ப் படி வரைக்கும், ஒன்று விடாமல் வெட்டிப் பிளந்தார்கள். நனைந்த கட்டையை வெட்டுவது போன்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது. அம்மா சன்னல் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே, "ஒவ்வொண்ணையும் நம்ம இசிட்ரோன்னு நெனச்சுத்தான் வெட்டுறான்" என்றாள். போகும்போது தாமியன் வாசலில் நின்று, "வாத்தியாரே, கதவத் தொறக்க வேணாம், உள்ளேயே இருங்க. உங்க மவன் இந்த மலை ஏறுற அன்னைக்கு இதே மாதிரி நாலாப் பொளந்து படிக்கட்டுல அடுக்கி வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இனி எழுதப்போவது உனக்கு வலிக்கும். ஆனாலும் மறைத்தால் சரியாக இருக்காது. ஊர்ப் பெரியவர்கள் இரு வீட்டாரையும் போலீஸுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவைத்துவிட்டு, சண்டை நடந்த அன்று நம் நிலத்துக்குத் தண்ணீர் ஏன் நின்றது என்று பார்க்க நம் கறுப்புக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே சுனை வரைக்கும் ஏறினார்கள். பைன் காட்டுக்குள் எல்லா வீட்டுக் குழாய்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது உனக்குத் தெரியும். நம் குழாயை யாரும் பிடுங்கவில்லை, மடக்கவும் இல்லை. சுனை வாயில் பைன் சருகு உருண்டையாக அடைத்துக்கொண்டிருந்தது. அதே அடைப்பில் கலிக்ஸ்தோ குழாயும் வறண்டிருந்தது. அன்று நீ பார்த்தபோது அவன் இணைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது தன் குழாயில் ஊதிப் பார்க்கத்தான். நம் தண்ணீரைத் திருட அல்ல. கோடையில் தண்ணீர் நின்றால் நாம் எல்லாரும் முதலில் பக்கத்து நிலத்துக்காரன் முகத்தைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன், கத்தியை எடுத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். அதுகூட நல்ல குணத்தால் அல்ல, பயத்தால்.

பிறகு, ஒருவர் நிலத்தில் மற்றவர்கள் கூடி அறுத்துக் கொடுக்கும் முறை வேலையில் நம் நாள் வந்தது. நீ ஊரார் நிலங்களில் அறுத்துச் சேர்த்து வைத்த நாட்களுக்கு ஈடாக அறுப்புக் கூட்டம் கத்தியும் கூடையுமாக நம் வாசலில் வந்து நின்றது. நம் நிலத்தில் அறுக்க என்ன இருக்கிறது, பிளந்து கிடந்தவை நாறத் தொடங்கிவிட்டன. அடுத்த வேலிக்குள் கலிக்ஸ்தோவின் கோஸ் முற்றி வெடித்துக்கொண்டிருந்தது. தாமியன் ராத்திரி பகலாக அறுத்தும் பாதிகூட ஆகவில்லை. நம் நாளை அவர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்றால், முனகினேன். கூட்டத்திலிருந்த லூமென் அக்கா உடனே, "வாத்தியாரே, அங்க நீங்க வெட்டுப்பட்டுச் செத்தா சாவு வீட்டுக்கு எந்தப் பன்னிய அடிக்கிறதுன்னு இப்பவே காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள்.

வேலியைத் தாண்டி நான் முதல் கோஸை அறுக்கக் குனிந்ததும் தாமியன் ஓடிவந்தான். அரிவாளின் தட்டைப் பக்கத்தால் காதோடு சேர்த்து அறைந்தான். விழுந்தேன். முட்டியால் என் முதுகை மண்ணில் அழுத்திக்கொண்டு அரிவாளைத் திருப்பிப் பிடித்தான். அதன் கூர் என் கழுத்தில் பட்டது. வாயெல்லாம் மண்ணும் ரத்தமும். அப்போது கலிக்ஸ்தோ கட்டுப் போட்ட கையோடு வீட்டிலிருந்து இறங்கி வந்து, தம்பியை விலாவில் ஓங்கி உதைத்தான். "கெழவன வெட்டிட்டு என்னடா பண்ணுவ? கோஸ நீயா அறுப்ப? நீ வெட்டத்தான் லாயக்கு, அறுக்க லாயக்கில்ல" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். தாமியன் துப்பிவிட்டு மேலே போனான். நாங்கள் இருட்டும் வரை அறுத்தோம். என் காது இரண்டு தையலோடு சரியாகிவிட்டது. அம்மா அதைப் பெரிதாக எழுதச் சொல்கிறாள், நான் எழுதவில்லை.

பெரியவர்கள் நம் கறுப்புப் பன்றியை அடித்து, இரு வீட்டாரும் ஒரே தட்டில் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அவர்கள் வீட்டுத் தண்ணீரை நாம் குடிக்கக் கூடாது, நம் சோற்றை அவர்கள் தொடக் கூடாது. முதல் துண்டை நீதான் உன் கையால் கலிக்ஸ்தோவுக்குக் கொடுக்க வேண்டும். உனக்குப் பதில் நான் கொடுக்கிறேன் என்றேன். கலிக்ஸ்தோ ஒப்பவில்லை. "உங்க கையி எனக்கு எதுக்கு வாத்தியாரே? எனக்குக் கத்தி பிடிக்க வரல. அறுப்புக்கு ஒரு கை வேணும். எடுத்தவன வந்து குடுக்கச் சொல்லுங்க" என்றான். நீ வந்து இந்தப் பருவத்துக் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அவன் நிலத்தில் அறுத்துத் தோண்டிக் கொடுக்க வேண்டும். முதல் மழை இறங்கும்வரைதான் அவன் பொறுப்பானாம். அதற்குள் நீ வராவிட்டால் தம்பியைத் தடுக்கப் போவதில்லை என்று சொன்னான். அப்புறம் நீ எந்தத் தீவில் இருந்தாலும் தாமியன் தேடிவருவான் என்றே நினைக்கிறேன்.

நீ வந்தால் தாமியன் உன்னைத் தொடமாட்டான் என்று என்னால் எழுதித் தர முடியாது. பெரியவர்கள் முன்னால் அரிவாளைக் கீழே வைக்கச் சொன்னபோது அவன் வைக்கவில்லை. வரச் சொல்வது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிகிறது, வரச் சொல் என்கிறாள். நீ பேருந்தில் இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். அங்கிருந்து மேலே வரும் ஒற்றையடிப் பாதையில் உனக்கு முன்னால் நடப்பேன். என் கால் நடுங்கும், பின்னால் வரும் நீ அதைப் பார்த்துத் தயங்காதே.

தேவன் உன்னைக் காக்கட்டும், நம் முன்னோர்கள் வழியில் துணை வரட்டும். கத்தி எதுவும் கொண்டுவராதே. நீ எறிந்துவிட்டுப் போன உன் கோஸ் கத்தியைத் தேடி எடுத்து, கழுவி, தீட்டி, கலிக்ஸ்தோவிடம் கொடுத்திருக்கிறேன். வந்து அவன் கையால் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
பொன்சியானோ